தகுதிச் சுற்றையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்கள் நடக்கும் நாட்களில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். ஆனால் பிரதான சுற்று தொடங்கும் நாளில்தான் உங்களுக்குப் போட்டியே தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரம் ஆண்கள் ஒற்றையர் தகுதிச் சுற்றில் 128 பேர் மோதுகிறார்கள். மூன்று ஆட்டங்களையும் வென்ற 16 பேர் உள்ளே வருகிறார்கள். அவர்கள் பெயர்கூட உங்கள் பக்கத்தில் வருவதில்லை.

அந்த மூன்றாவது ஆட்டத்தில் தோற்ற வீரர் ஒருவரை அண்மையில் விமான நிலையத்தில் தற்செயலாகப் பார்த்தேன். பெரிய மட்டைப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ஒரு மட்டைக்குப் புது கிரிப் சுற்றிக்கொண்டிருந்தார். ரேங்கிங்கில் நூறுக்கு வெளியே இருப்பவர், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் ஆட்டத்தை இணையத்தில் முழுதும் பார்த்திருந்தேன். கடைசி செட்டில் 6-6, பிறகு வெற்றியைத் தீர்மானிக்கும் பத்துப் புள்ளி டை-பிரேக், அதில் தோல்வி. அதைச் சொன்னதும் நிமிர்ந்து, "முழுசா பார்த்தீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அப்புறம் விமானம் கிளம்பும்வரை பேசினோம். பிரதான சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் விலகினால் இடம் கிடைக்கலாம் என்று தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கான லக்கி லூசர் பட்டியலில் காத்திருந்து, கிடைக்காமல் புறப்பட்டிருந்தார். அடுத்து ஒரு சேலஞ்சர் போட்டி, அதாவது பெரிய தொடர்களுக்குக் கீழ்நிலைத் தொடர். போன வருடம் அங்கே எடுத்த புள்ளிகள் 52 வாரம் முடிந்து கழியப்போகின்றன, அதே அளவு எடுக்காவிட்டால் ரேங்கிங் இறங்கும். என்றைக்குத் தோற்போம் என்று தெரியாததால் திரும்பிவர டிக்கெட் எடுப்பதே இல்லையாம். பயிற்சியாளரின் விமானச் செலவும் அறை வாடகையும் இவர் கையிலிருந்துதான் போக வேண்டும், அதனால் பாதி வாரங்கள் தனியாகவே பயணம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படி என்றார், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்காதது வேறு. தோற்ற இரவில் அவர் போனைத் திறப்பதில்லை. அவர்மீது பந்தயம் கட்டிப் பணத்தை இழந்தவர்கள் அவரையும் அவர் குடும்பத்தையும் வாயில் வராத சொற்களால் திட்டி எழுதுகிறார்கள். ஜெயித்தாலும் எதிராளிமீது கட்டியவர்கள் திட்டுகிறார்கள். ஆட்டம் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேச வருபவர்கள் அபூர்வம் என்றார். இந்த வீரர்களைத் தினமும் பெயர் சொல்லித் தேடுபவர்கள் பந்தயக்காரர்கள் மட்டும்தான் என்றால், அதில் பத்திரிகைகளுக்கும் பங்கு இருக்கிறது. வாசகர்களுக்கு நீங்கள் அறிமுகம் செய்துவைக்காதவரை நாங்கள் எப்படித் தேடுவோம்?

இவர்கள் யாரும் ஒப்புக்கு ஆடுகிறவர்கள் அல்ல. 2021 அமெரிக்க ஓபனில் எம்மா ராடுகானு தகுதிச் சுற்றில் மூன்று, பிரதான சுற்றில் ஏழு என்று பத்து ஆட்டங்களையும் ஒரு செட்கூட இழக்காமல் வென்று பட்டம் பெற்றார். அப்போது அவர் ரேங்கிங் 150. 2001இல் விம்பிள்டனை வென்ற கோரான் இவானிசெவிச் 125ஆம் இடத்தில் இருந்து வைல்ட் கார்டில், அதாவது போட்டி அமைப்பாளர்களின் சிறப்பு அழைப்பில் வந்தவர். பட்டம் வாங்கிய பிறகு இவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். சரி, அதற்கு முந்தைய வாரம்?

நான் சந்தித்தவர் பெயரை எழுதவில்லை. என்னை நம்பிப் பேசியதை அவர் பெயரோடு அச்சில் ஏற்றுவது முறையில்லை. ஆனால் ஆட்ட முடிவுகளில் அவர் பெயர் வரலாம், வர வேண்டும். கிராண்ட் ஸ்லாமுக்கு முந்தைய வாரம் தகுதிச் சுற்று முடிவுகள், மற்ற வாரங்களில் சேலஞ்சர் முடிவுகளுக்கு ஒரு சின்னக் கட்டம். ஸ்கோரும் ஆட்டம் எப்படிப் போனது என்று இரண்டு வரியும் இருந்தால் போதும். அடுத்த கிராண்ட் ஸ்லாமிலேயே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு டென்னிஸ் ரசிகன்