டீக்கடை அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

2011-இல் ஏழு பிள்ளைகளோடு தொடங்கிய நம் மகளிர் கிரிக்கெட் கிளப்புக்கு விழா எடுக்கலாம் என்றார்கள். எனக்கு மனமில்லை. மேடை போட்டால், நன்றிக்கு உரியவர்கள் கீழே நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். மாலை வேறு யார் கழுத்திலோ விழும். அதனால் மடலாகவே எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. உங்களைப் பற்றிய இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் டீக்கடை அக்கா. வைகைக்கு வடகரையில் நமக்குக் கிடைத்த மைதானத்தில் மேட் விரிக்க (பந்து குத்தி எழும்பும் ஆடுகளப் பாய்) இடம் இருந்தது, கழிப்பறை இல்லை. எனக்கு அது உறைக்கவே இல்லை. அதற்குப் பயந்து பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள் என்று கண்டுபிடித்ததும் நானில்லை. வெயிலில் ஒருத்தி மயங்கி விழுந்தபோது அக்காதான் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒதுங்க எடமில்லாத எடத்துக்குப் பொம்பளப் பிள்ளைகளக் கூட்டியாந்திருக்கீங்களே டீச்சர்" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை, கடைக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுச் சாவி பாய்லருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. மைதானத்தில் கழிப்பறை கட்டும்வரை ஆறு வருடம் அது அங்கேயே தொங்கியது. எந்தப் பிள்ளையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

மேட் தாத்தாவுக்கு அடுத்த நன்றி. ஐந்தரை மணி இருட்டில் அவர் ஆணி அடிக்கும் சத்தம்தான் எங்களுக்கு மணியோசை. மேட் தொய்ந்திருந்தால் பந்து எழும்பாது, இழுத்துக் கட்டினால் நெஞ்சுக்கு வரும். இது புத்தகத்தில் படித்த எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். புதுப் பிள்ளை பேட் பிடிக்கும் நாளில் கொஞ்சம் தொய்வாகவே விடுவார். மாவட்ட ஆட்டத்துக்கு முந்தைய வாரம் கேட்காமலே இழுத்துக் கட்டுவார். இத்தனைக்கும் அவர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

விளையாட்டுச் சாமான் கடைக்காரரே, உங்கள் கடன் நோட்டில் நம் கிளப்புக்குத் தனிப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். பெண்கள் ஆடும் பந்து 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156-க்கு மேல். பத்துப் பதினைந்து கிராமில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. சின்னக் கையால் நாள் முழுக்க வீசிப் பார்த்தால் தெரியும். எங்களைத் தவிர வாங்க ஆளில்லாத அந்தப் பந்தை மீரட்டிலிருந்து டஜன் கணக்கில் வரவழைத்து வைத்தீர்கள். பெரிய லாபம் ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் யாரென்றே தெரியாது. எங்கள் சுழற்பந்து வீச்சாளர் ஒருத்தியின் அப்பா சலூன் வைத்திருக்கிறார். "வயசுக்கு வந்துட்டா, போதும்" என்று நிறுத்திவிட்டார். 2013 உலகக் கோப்பை முதல் ஆட்டத்தில் சென்னையின் திருஷ் காமினி வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகச் சரியாக 100 அடித்தார். உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் சதம் அது. மறுநாள் சலூனில் முடி வெட்ட உட்கார்ந்த யாரோ அந்தச் செய்தியை உரக்கப் படித்து, "உங்க பிள்ளையும் ஆடுதாமே?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை பிள்ளை நெட் பயிற்சிக்கு வந்துவிட்டாள். நான் மூன்று முறை வீட்டுக்குப் போய்ப் பேசியும் நடக்காத காரியம் அது!

தமிழ்நாட்டுக்கு ஆடிய அந்த மூத்த வீராங்கனைக்கும் நன்றி, அம்மா. 1973-இல் தொடங்கிய இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 2006-இல்தான் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயோடு சேர்ந்தது. அதற்கு முன் முன்பதிவில்லாப் பெட்டியில் கிட்பேக் மேல் உட்கார்ந்து போனதை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகு, மேட் கிழிந்துவிட்டது என்று ஒரு பிள்ளையும் புலம்பவில்லை. ஒரு மாதம் வரைக்கும்.

இடத்தைக் காலி செய்யச் சொன்ன ஒரு வருடமும் உண்டு. பையன்கள் அணி கேட்டதாம். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பையன்களே வந்து, "காலையில நீங்க ஆடுங்க மிஸ், சாயங்காலம் நாங்க" என்று முடித்துவைத்தார்கள். தம்பிகளா, அன்று திட்டிய வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

2017 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவின் ஹர்மன்பிரீத் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 171 அடித்த பிறகு, பிள்ளைகளைத் தேடி நாங்கள் போவது நின்றது. மதுரையில் பிறந்த கமலினியைப் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் அணி 1.60 கோடிக்கு எடுத்த பிறகு, "எத்தனை வருஷத்துல மேடம்?" என்று கேட்டுக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். இது முழுக்க நல்லதுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முதலில் மேட் தூக்கச் சொல்கிறேன்.

2025 நவம்பர் 2 இரவை மறக்க முடியாது. நவி மும்பையில் மழை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அக்கா கடையைச் சாத்தவில்லை. சின்ன டிவி முன்னால் பிள்ளைகள், அவர்கள் பின்னால் அப்பாக்கள் வண்டிச் சாவியோடு. நள்ளிரவில் ஹர்மன்பிரீத் பின்னால் ஓடிக் கடைசிக் கேட்சைப் பிடித்தபோது, தென்னாப்பிரிக்கா 246-க்கு ஆல் அவுட், நாம் 52 ரன்னில் வெற்றி. மேட் தாத்தா பெஞ்சில் இருந்தார். அவர் உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டம் அதுதான், அதிலும் பாதி நேரம் தூக்கம்.

அக்கா, அன்றைக்குக் குடித்த டீக்குக் கணக்கே சொல்லவில்லை நீங்கள். நாற்பத்திரண்டு என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்