யோசனையும் உப்பும்

திருகோணமலை,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகனுக்கு,

போன கிழமை நீ கனடாவில் இருந்து தொலைபேசியில் கதைத்தபோது, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைக்கு நடுவே, குடும்ப மருத்துவர் உன் பிரஷரை இரண்டு தடவை அளந்து 152க்கு 96 என்று சொன்னதையும், குளிசை தொடங்குவதற்கு நீ மூன்று மாதம் தவணை கேட்டு வந்ததையும் சொல்லிவிட்டு, "எனக்குத் தலையிடிகூட இல்லை அப்பா" என்று முடித்தாய். அந்தக் கடைசி வசனத்தைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அதே வசனத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் வந்ததை இதுவரை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

உன் அம்மா காலமான அடுத்த மாதமே நான் பிரஷருக்குக் கிளினிக் போவதை விட்டுவிட்டேன். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்து, வாங்கில் இருந்து, மாதக் குளிசையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அதைக் காட்ட வீட்டில் ஆள் இல்லை என்பதே எனக்குப் பெரிய காரணமாகப் பட்டது. உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டரை மாதம் அப்படிப் போனது. ஒரு பின்னேரம் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது வலக்கையில் இருந்த கோப்பை தானாக நழுவி விழுந்தது. அடுத்த வீட்டுத் தம்பியைக் கூப்பிட வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. கால் மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. களைப்பு என்று நினைத்துச் சீனி போட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது பாரிசவாதத்தின் முன்னறிவிப்பு என்றும், மூளைக்குப் போகும் இரத்தக்குழாயைக் கட்டிபட்ட இரத்தம் சற்று நேரம் அடைத்துவிட்டு விலகியிருக்கிறது என்றும் மருத்துவர் சொன்னார். அது விலகாமல் நின்றிருந்தால், அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டுமாம். நான் படுத்திருந்ததோ ஒரு முழு இரவு. முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும், உடனே 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் வீட்டுச் சுவரிலும் உங்கள் நாட்டு இலக்கத்தை எழுதி ஒட்டு. இதை உனக்கு மறைத்தது என் பிழை. நீ வேலையை விட்டுவிட்டுப் பறந்து வந்துவிடுவாய் என்று பயந்தேன்.

அதன் பிறகுதான், நீ அனுப்பி எட்டு மாதமாகப் பெட்டியோடு அலுமாரியில் கிடந்த பிரஷர் கருவியை வெளியே எடுத்தேன். முப்பத்துநான்கு வருடம் கச்சேரியில் இலிகிதராக இருந்தவனுக்குப் பதிவு எழுதுவது பழக்கம். ஒரு கொப்பியில் கோடு போட்டுத் தேதி, காலை அளவு, மாலை அளவு, அன்று என்ன நடந்தது என்று நான்கு நிரல் பிரித்தேன். அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. தேநீர் குடித்தும் நடந்தும் அரை மணித்தியாலம் கழிய வேண்டும். சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். வீட்டில் இப்படி அளந்து 135க்கு 85 அல்லது அதற்கு மேலே தொடர்ந்து வந்தால் அது உயர்ந்த பிரஷர்தான்.

உப்பின் கதையைக் கேள். நான் உப்புக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்லி வந்தேன், நம்பியும் வந்தேன். ஒரு நாள் 400 கிராம் உப்புப் பைக்கற்றை வெட்டும்போது அதன்மேல் பேனையால் தேதியை எழுதினேன். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. தனி ஆளுக்கு அந்தப் பைக்கற் எண்பது நாள் வர வேண்டும். எனக்கு முப்பத்துமூன்றாம் நாள் முடிந்துவிட்டது. நாளுக்குப் பன்னிரண்டு கிராம்! கஞ்சி வடிக்கும்போது கொஞ்சம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் கருவாடும், கடைப் பாணும், அப்பளமும் இந்தக் கணக்குக்குள் வரவேயில்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதை முதலில் நிறுத்தினேன். மீன் குழம்புக்குக் கொறுக்காய்ப் புளியும் மிளகும் கூட்டினேன், சம்பலுக்குத் தேசிக்காயை இன்னும் ஒரு பாதி பிழிந்தேன். முதல் இரண்டு கிழமையும் சாப்பாடு வைக்கோலாக இருந்தது. பிறகு நாக்கு பழகிவிட்டது. மூன்றாவது பைக்கற் அறுபத்தொரு நாள் வந்தது.

உன் வீட்டில் உப்புப் பைக்கற்றை மட்டும் பார்த்துக் கணக்கெடுக்க முடியாது. அங்கே பெரும்பங்கு உப்பு தகர சூப்பிலும், உறைந்த பீட்ஸாவிலும், பாணிலும், சோஸிலும் ஒளிந்து வருகிறது. அந்த 5 கிராம் உப்பு என்பது 2000 மில்லிகிராம் சோடியம். கனடாவில் பைக்கற்றின் பின்பக்கம் சோடியத்துக்கு எதிரே சதவீதம் போட்டிருப்பார்கள். 5 சதவீதமோ குறைவோ என்றால் கொஞ்சம், 15 சதவீதமோ கூடவோ என்றால் அதிகம். கடையில் நின்று அதை ஒருமுறை வாசி.

குளிசையும் ஒழுங்காகப் போட்டு, உப்பும் குறைந்த பிறகு, கொப்பியில் பெரும்பாலும் 130, 132 என்று வந்தது. ஆனால் இடையிடையே சில நாட்களில் 158, 162 என்று நின்றது. நான் கருவாட்டைச் சந்தேகப்பட்டேன். நான்காவது நிரலைப் பின்னோக்கி வாசித்தபோது, அந்த நாட்களில் ஒன்றிலும் கருவாடு இல்லை. தம்பலகாமத்துக் காணி வழக்குத் தவணைக்கு முதல் இரண்டு நாளும், தவணை நாளும், சட்டத்தரணிக்குக் காசு கொடுத்த நாளும்தான் இருந்தன.

மன அழுத்தம் என்ற சொல் எங்கள் ஊருக்குப் பிந்தி வந்தது. நாங்கள் "யோசனை" என்றுதான் சொல்வோம். "அவருக்கு யோசனை கூடிப்போச்சு, அதுதான் வருத்தம்" என்று ஆச்சி சொல்லும்போது அதைப் படியாதவர் பேச்சு என்று நினைத்திருக்கிறேன். இப்போது மருத்துவர் சொல்வதும் அதுவேதான். மனம் ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் உடம்பு அதற்கு ஆயத்தமாகிறது. அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரந்து, நெஞ்சு வேகமாக அடித்து, இரத்தக்குழாய்கள் இறுகி, ஈரல் சீனியை இரத்தத்தில் இறக்கிவிடுகிறது. 1990ஆம் ஆண்டு யுத்தத்தில் சனத்தோடு சனமாக ஓடியபோதும், 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோதும் அந்த ஆயத்தம் எங்களைக் காப்பாற்றியது. கட்டிலில் படுத்துக்கொண்டு வழக்கில் கிடந்த ஒன்பது பேர்ச் நிலத்தை யோசிக்கும்போதும் உடம்பு அதையே செய்கிறது, ஓட இடமில்லை.

ஆகவே, மகன், அந்த வழக்கை முடித்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது உனக்குக் கோபத்தைத் தரும் என்று தெரியும். "விட்டுக்கொடுக்க வேண்டாம் அப்பா, நியாயம் எங்கள் பக்கம்" என்று நீ பதினொரு வருடமாகச் சொல்லி வந்தாய். நியாயம் எங்கள் பக்கம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் எழுபத்திரண்டு வயதில் அந்த நியாயத்துக்கு என் இரத்தக்குழாய் விலை கொடுக்கிறது என்பதை என் கையெழுத்திலேயே கண்ட பிறகு என்னால் தொடர முடியவில்லை. மத்தியஸ்த சபையில் இருவரும் இருந்து பேசி, கிணற்றடியோடு சேர்ந்த பக்கத்தை எங்களுக்கும், வேலியோரத்து ஒன்பது பேர்ச்சை அந்த உறவினருக்கும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். அம்மா நட்ட பலா எங்கள் பக்கத்தில்தான் நிற்கிறது. அன்று மாலை கொப்பியில் 128க்கு 78.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டாய். காலை ஐந்தரைக்குத் திருஞானசம்பந்தர் வீதியில் இருந்து புறப்பட்டுக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயில் ஏற்றம் வரை நடக்கிறேன். மான்கள் இன்னும் மரத்தடியில் படுத்திருக்கும் நேரம் அது. வேகத்தை அறிய ஒரு வழி சொன்னார்கள். நடந்துகொண்டே தேவாரம் பாட முடிந்தால் நடை போதாது, பேச முடிந்து பாட முடியாமல் போனால் சரியான வேகம். கிழமைக்கு 150 நிமிடம் அப்படி நடந்தால் போதும். என் வயதில் தசையும் சமநிலையும் குறைந்துகொண்டே போவதால், கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தடவை எழும்பி இருக்கிறேன், அடுப்படிக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். இரவில் எழும்பும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் இருந்துவிட்டுத்தான் நிற்கிறேன். பிரஷர் குளிசை போடுபவர் சடாரென்று எழும்பினால் தலை சுற்றி விழக்கூடும். இப்போது வெக்கையும் வறட்சியுமான கச்சான் காற்று வீசுகிறது. வயது போகப் போகத் தாகம் சரியாகத் தெரியாது என்பதால், தண்ணீரைப் போத்தலில் அளந்து வைத்துக் குடிக்கிறேன்.

உன் யோசனைகளை நான் அறிவேன். வீட்டுக் கடன், இடையிடையே இரவு வேலை, பனியில் கார் ஓட்டம். அவற்றை விட்டுவிடு என்று இங்கிருந்து சொல்வது சுலபம், அதைச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து காரில் ஏறியதும் வண்டியை எடுக்காமல், ஐந்து எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும் வரை விடு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் வரும், அப்படி ஐந்து நிமிடம் இரு. நான் தவணை நாட்களில் செய்து பார்த்தேன், நாடி இறங்குவது கருவியில் தெரிந்தது. ஆனால் மூச்சும் நடையும் குளிசைக்குப் பதில் ஆகும் என்று நீயாக முடிவு செய்யாதே. மருத்துவர் அந்த மூன்று மாதத்துக்குச் சம்மதித்திருந்தால், அதைச் சும்மா கழிக்காமல் அளந்து காட்டு. அதற்குப் பிறகும் இறங்காவிட்டால் குளிசையைத் தொடங்கு, தொடங்கினால் என்னைப் போலச் சொல்லாமல் நிறுத்தாதே.

ஒரு வேண்டுகோள். நீ மத்தியான இடைவேளையில் எடுக்கும்போது எனக்கு இரவு ஒன்பதரை ஆகிறது, கதைத்த பிறகு நித்திரை பிந்துகிறது. இராச்சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு எடுத்தாயானால் எனக்குக் காலை ஆறரை. நடந்து வந்து திண்ணையில் இருப்பேன். நாளை தொடங்கி ஏழு நாள், காலையிலும் மாலையிலும் அளந்து, நான்கு நிரல் போட்டு எழுதி, வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. நான்காவது நிரலை வெறுமையாக விடாதே. மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா