பட்டுவாடா ஆகாத பாட்டுகள்

மெம்பிஸ்,
அக்டோபர் 14

அன்புள்ள தேவராஜ்,

உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்து சேர்ந்தது. உறை மேல் விழுந்திருந்த முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்த பிறகுதான் பிரித்தேன். முப்பத்தாறு வருடம் ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி ராத்திரியாகக் கடிதம் பிரித்தவனுக்கு அந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகுமா? மூட்டு அறுவை முடிந்து நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததில் பெரிய நிம்மதி. ஏறு, ஆனால் டாக்டர் சொன்ன அளவுக்கு. தங்கையிடம் என் விசாரிப்பைச் சொல்.

இங்கே காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடுகிறது. மகன் வேலை பார்ப்பது ஃபெட்எக்ஸில் என்று உனக்குத் தெரியும். அந்தக் கம்பெனி விமானம் விட ஆரம்பித்ததே இந்த ஊரில்தான். 1973 ஏப்ரல் 17 அன்று 14 விமானங்கள், 25 நகரங்கள், மொத்தம் 186 பார்சல்கள். எல்லாவற்றையும் ராத்திரி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பிரித்து, விடிவதற்குள் கிளப்பிவிட வேண்டும். இது எங்கள் ஆர்.எம்.எஸ். வேலைதானே, ரயிலுக்குப் பதில் விமானம் என்று மகனிடம் சொன்னேன். சிரித்தான். சிரிக்கட்டும்.

அதே ஊரில், அதற்கு முந்தைய வருடத்தில், நான்கு இளைஞர்கள் போட்ட இசைத்தட்டு ஒன்று பக்கத்து மாநிலக் கடைக்குக்கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இந்த ஒரு மாதமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது அந்தக் கதைதான். கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

எல்விஸ் வீட்டைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். திருவிழாக் கூட்டம். அதைவிட எனக்கு மனதில் நிற்பது மேடிசன் அவென்யூ. ஆர்டென்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடம் அங்கேதான் இருந்து பேர் வாங்கியது. உள்ளே போய் என்ன சொல்வது? எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். 1971இல் அந்த வாசலில் நின்றிருந்தால் எதிரே ஒரு மளிகைக் கடையின் பெயர்ப்பலகை தெரிந்திருக்கும்: பிக் ஸ்டார். ஊரெங்கும் கிளை வைத்திருந்த கடை. பதிவுக்கு இடையில் தின்பண்டம் வாங்கப் போனவர்கள் அந்தப் பெயரையே தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அதோடு நிற்காமல் முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில்கூட அடக்கம் இல்லை, பாவம்.

அந்தக் குழுவில் பாடிய ஒருவனை உனக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் உன் கிதாரை வைத்துக்கொண்டு (கிப்சன் இல்லை, கல்கத்தா கிவ்சன்!) நீ தொண்டை கிழியப் பாடுவாயே, காதலியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது, விமான டிக்கெட் எடுத்துக் கொடு என்று ஒரு பாட்டு? 'தி லெட்டர்', பாக்ஸ் டாப்ஸ் குழு, 1967. இரண்டு நிமிடம்கூட ஓடாது. நான்கு வாரம் அமெரிக்காவில் முதலிடம். பாடியவன் நாற்பது வயதுக் குடிகாரன் என்று நீ சத்தியம் செய்தாய். அவன் பெயர் அலெக்ஸ் சில்ட்டன். பாடும்போது வயது பதினாறு. அடுத்த முறை பார்க்கும்போது அந்தப் பந்தயப் பணத்தை எடுத்து வை.

அந்தக் கட்டைக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு, இருபது வயதில் மெல்லிய உச்சக் குரலில் பாடிக்கொண்டு சில்ட்டன் இங்கே வந்து சேர்ந்தான். ஏற்கெனவே இருந்த மூவர் கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ். பெல் பீட்டில்ஸ் பைத்தியம். லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியதை எல்லாம் இருவர் பெயரிலும் போட்டுக்கொண்டதுபோல, பெல்லும் சில்ட்டனும் முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளுக்குச் சேர்ந்தே பெயர் போட்டுக்கொண்டார்கள். காலத்தை நினைத்துப் பார். 1972. பீட்டில்ஸ் கலைந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம், அதில் பாதி கிதார் சாகசம் என்று ராக் இசை ஊதிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இவர்கள் மூன்று நான்கு நிமிடத்தில் பாட்டை முடித்தார்கள். பிறக்கும்போதே பழைய காதலோடு பிறந்த இசை இது.

இந்த வகைக்கு பவர் பாப் என்று பெயர். பெயரைக் கேட்டால் சோடா மாதிரி இருக்கிறது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தங்கள் இசையைப் பற்றிப் பேசும்போது சொன்ன சொல் அது. டிரம்ஸும் கிதாரும் முகத்தில் அறைவதுபோல விழ வேண்டும். மெட்டோ, ஒருமுறை கேட்ட சின்னப் பையன் திரும்ப முணுமுணுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதன்மேல் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து ஏறி நிற்கும். இந்த இடத்தில் நீ சட்டென்று பிடித்துக்கொள்வாய். பாளையங்கோட்டை சர்ச்சில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலையும் பிரித்துச் சொல்லிக் கொடுத்தவன் நீ. பெயரில் வராத இன்னொரு சரக்கும் இதில் உண்டு: ஏக்கம். மெட்டு குதித்துக்கொண்டு வரும். சொற்களைக் கவனித்தால் ஒருத்தன் தனியாக நின்றுகொண்டிருப்பான். 'செப்டம்பர் கேர்ள்ஸ்' கேட்டுப் பார். டிசம்பர் பையன் மாட்டிக்கொண்டான் என்று அதில் ஒரு வரி வருகிறது. சில்ட்டன் பிறந்தது டிசம்பர் 28.

இனி விநியோகத்துக்கு வருகிறேன். என் துறை.

ஆர்டென்டின் தட்டுகளை விற்றுக் கொடுக்க வேண்டியது இதே ஊர் ஸ்டாக்ஸ் நிறுவனம். அவர்கள் கறுப்பினத்தவரின் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்தவர்கள். வெள்ளைக்காரப் பையன்களின் கிதார் பாட்டை எந்தக் கடையில், எந்த வானொலியில் கொண்டுபோய் வைப்பது என்பது அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. அதே 1972இல் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தை கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. நிலைமை இன்னும் மோசமானது. பத்திரிகைகள் முதல் ஆல்பத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. படித்துவிட்டுக் கடைக்கு ஓடியவர்களுக்குத் தட்டு இல்லை. அப்போது விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. என் பாஷையில் சொன்னால் விலாசம் சரி, தபால்தலை சரி, பை மட்டும் வண்டியில் ஏறவில்லை.

அந்த வருடக் கடைசியில் கிறிஸ் பெல் மனம் உடைந்து விலகிவிட்டான். 1973 மே மாதம் நாட்டிலுள்ள ராக் விமர்சகர்களை எல்லாம் மெம்பிஸுக்கு வரவழைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். மீதி மூவரும் அங்கே வாசித்தார்கள். பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்க வேண்டிய கூட்டம் எழுந்து ஆடியதாம். அந்த உற்சாகத்தில் இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி', 1974. உறையில் ரத்தச் சிவப்புக் கூரை, நடுவில் ஒரு மொட்டை பல்பு, அதை நோக்கி ஓடும் வெள்ளை ஒயர்கள். எடுத்தவர் மெம்பிஸ்காரர் வில்லியம் எகிள்ஸ்டன். வண்ணப் புகைப்படம் கலை என்று உலகம் ஒப்புக்கொள்ளக் காரணமானவர்களில் ஒருவர். அந்தப் படத்துக்குக் கிடைத்த பேர் அந்தத் தட்டுக்குக் கிடைக்கவில்லை. அதே கதை, அதே கிடங்கு. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸே திவாலானது. மூன்றாவது ஆல்பத்தை 1974இல் பதிவு செய்தும் வெளியே வர 1978 ஆயிற்று. அதை நான் இன்னும் முழுதாக ஒரே மூச்சில் கேட்கவில்லை. ஒருவன் உடைந்துகொண்டிருப்பதைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கிறது.

பெல்லின் கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. விலகிய பிறகும் விடாமல் பிரான்ஸ் வரை போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தான். பீட்டில்ஸுக்கு ஒலிப்பதிவு செய்த ஜெஃப் எமெரிக்கே அவனுக்கு உதவினார். எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பி அப்பாவின் உணவகத்தில் வேலை பார்த்தான். 1978இல் ஒரு சிறு நிறுவனம் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்' என்ற ஒரே ஒரு சிங்கிளை, அதாவது சின்னத் தட்டை, வெளியிட்டது. அதே வருடம் டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் போய்விட்டான். வயது இருபத்தேழு. மறுநாள் சில்ட்டனின் பிறந்தநாள். பெல்லின் முழு ஆல்பம் 1992இல்தான் வந்தது.

பவர் பாப் பாடிய மற்றவர்கள் எல்லோரும் இப்படித் தோற்றார்கள் என்று நினைக்காதே. கிளீவ்லாந்தின் ராஸ்பெரிஸுக்கு 1972இலேயே ஒரு பாட்டு முதல் ஐந்துக்குள் வந்தது. 1979இல் தி நேக் குழுவின் 'மை ஷரோனா' ஆறு வாரம் முதலிடம். உடனே அவர்களைப்போல ஒல்லி டை கட்டியவனை எல்லாம் கம்பெனிகள் கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டன. அடுத்த சில வருடங்களில் பவர் பாப் என்ற சொல்லே கேலிச் சொல் ஆனது. எனக்கு அந்தப் பாட்டு நான்கு தடவைக்கு மேல் தாங்கவில்லை. மகனுக்குப் பிடிக்கிறது.

பிக் ஸ்டார் தட்டுகளோ மெதுவாக ஊர்ந்தன. 1978இல் இங்கிலாந்தில் முதல் இரண்டையும் சேர்த்து மறுபடி போட்டார்கள். யார் யார் கையிலோ ஒன்றிரண்டாகக் கிடைத்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஆர்.இ.எம். குழு. மினியாபொலிஸில் ரீப்ளேஸ்மென்ட்ஸ். இவர்கள் 'அலெக்ஸ் சில்ட்டன்' என்றே 1987இல் ஒரு பாட்டுப் போட்டார்கள், அதையும் இதே ஆர்டென்டில் வந்து பதிவு செய்தார்கள். 1986இல் பேங்கிள்ஸ் குழுவினர் 'செப்டம்பர் கேர்ள்ஸ்' பாடி லட்சக்கணக்கில் விற்றார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் அதை எழுதியவன் நியூ ஆர்லியன்ஸில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். ஸ்காட்லாந்தில் டீனேஜ் ஃபேன்கிளப் குழுவைக் கேட்டால், பிக் ஸ்டாரைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது முதல் கிதார் மீட்டலிலேயே தெரிந்துவிடும். 1993இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் சில்ட்டனும் ஸ்டீபன்ஸும் திரும்ப மேடை ஏறினார்கள். பெல், ஹம்மல் இடத்தில் நின்றவர்கள் சியாட்டில் பக்கத்து போசீஸ் குழுவின் இரண்டு இளைஞர்கள். பாட்டுகள் எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 2010 மார்ச் 17 அன்று, ஆஸ்டினில் நடக்கவிருந்த கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால், சில்ட்டன் இறந்தான். கச்சேரியை நிறுத்தவில்லை, அவனுக்கான அஞ்சலியாக நடத்தினார்கள்.

இதை எல்லாம் உனக்கு ஏன் நீட்டி முழக்குகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். 1981இல் நீ ஆறு பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிவு செய்து சென்னைக்கு ஒரு கம்பெனிக்கு அனுப்பினாய். பதில் இல்லை. அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நீயே தீர்ப்பு எழுதி, கிதாரை உறைக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டாய். பதிவுத் தபாலில் போடு என்று தலையில் அடித்துக்கொண்டேன். பதிவுக் கட்டணத்துக்குக் கணக்குப் பார்த்து சாதாரணப் பார்சலில் போட்டவன் நீ. அந்தக் கேசட்டை யாராவது கேட்டார்களா என்றாவது உனக்குத் தெரியுமா? கேட்டு வேண்டாம் என்றவன் ஒருவன் இருந்தால் அவன் பெயரைச் சொல், இனி பேசமாட்டேன். மூன்றாவது பாட்டின் சரணம் எனக்கு இன்னும் பாடம். நேற்று பாத்திரம் தேய்க்கும்போது பாடினேன், பேத்தி இன்று காலை அதை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினாள். தமிழ் அவளுக்குப் பாதிதான் புரியும்.

ஒரு பென்டிரைவில் இருபது பாட்டுகள் ஏற்றி வைத்திருக்கிறேன். 'தர்ட்டீன்' என்று ஒன்று இருக்கும், வெறும் கிதாரும் குரலும்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட நடந்து வரட்டுமா என்று ஒரு பெண்ணைக் கேட்கும் பையனின் பாட்டு. அதை முதலில் கேள், தங்கையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. புதுக் கம்பி செட் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். நவம்பர் கடைசியில் திருச்சி வந்து, இரண்டு நாளில் பாளையங்கோட்டைக்கு ரயில் ஏறுவேன். தபாலில் எதையும் அனுப்புவதாக இல்லை, கையிலேயே கொண்டு வருகிறேன்.

மாடிப்படி ஏறுகிறாய் என்பதற்காகப் பரணில் ஏறிவிடாதே. கிதாரை நான் வந்து இறக்கிக்கொள்கிறேன்.

என்றும் உன்,
ரகு