மிச்ச நாடாவில் ஒரு பாட்டு: பொது நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும் மாவட்ட மைய நூலகங்களின் அலுவலர்களுக்கும், வணக்கம்.

மயிலாடுதுறையில் வளர்ந்து, நாற்பது ஆண்டுகளாக இசையைக் கேட்டுவரும் ஒரு நூலக உறுப்பினன் எழுதும் மடல் இது. நம் மாவட்ட மைய நூலகங்களில் இசை கேட்பதற்கென்று ஓர் அறை அமைய வேண்டும். அந்த அறைக்கு, அதிகம் அறியப்படாத இசையைத் தேடிக் கேட்ட ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கருவிகளையும் கணினியையும் வாங்குவது எளிது. நான் வலியுறுத்திக் கேட்பது அந்த ஒருவரைத்தான். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

எண்பதுகளில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாட்டுப் பதிவுசெய்து தரும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ளலாம். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு திரைப்பாடல்கள் பதிந்த பிறகு பெரும்பாலும் மூன்று நிமிட நாடா மிஞ்சும். பிற கடைகளில் அந்த மிச்சம் வெறும் இரைச்சலாக ஓடி முடியும். எங்கள் கடைக்காரரோ அதில் நாம் கேட்காத ஒன்றைப் பதிந்து வைத்திருப்பார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கமும் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும் என்பதால், அந்த மிச்ச நாடா அவருடைய பழைய தட்டுகளுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தை நான் முதன்முதலில் கேட்டது அப்படித்தான். பதினைந்து வயது எனக்கு. திரைப்பாடல் முடிந்து, ஊசி தட்டில் இறங்கும் கரகரப்பு கேட்டு, அதன் உள்ளிருந்து தோடி ராகம் எழுந்தபோது கேசட் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் நாலு தரம் கேட்டுட்டு வா தம்பி, அப்புறமும் வேண்டாம்னா அழிச்சுத் தர்றேன்" என்றார். அழிக்கச் சொல்லி நான் போகவே இல்லை.

அடுத்தடுத்த கேசட்டுகளின் மிச்சத்தில் ஏ.ஈ. மனோகரனின் இலங்கைப் பொப்பிசை வந்தது. வில்லுப்பாட்டு ஒன்றின் தொடக்கம் வந்தது. யாரென்று தெரியாத ஒருவர் உடுக்கை அடித்துப் பாடிய மாரியம்மன் தாலாட்டு வந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலுக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. இன்று கைபேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருப்பதாகச் சொல்கிறார்கள்; பெருமளவு இருக்கவும் இருக்கிறது. ஆனால் நேற்றுக் கேட்டதைப் போன்றதைத்தான் அது இன்று எடுத்துத் தருகிறது. பெயரே தெரியாத ஒன்றை நாம் தேடவும் முடியாது. நான் விரும்பியதை வைத்து, நான் அறியாததை எனக்குத் தேர்ந்து கொடுப்பதற்கு, என்னையும் அறிந்து இசையையும் அறிந்த ஒரு மனிதர் அன்று இருந்தார்.

அவர் மறைந்து, கடையும் மூடப்பட்டபோது, தட்டுகளும் கேசட்டுகளும் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போயின. குடும்பத்தாரைக் குறை சொல்ல ஏதுமில்லை. இவற்றை வாங்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவருடைய பேரேடு ஒன்று மட்டும் என் கைக்கு வந்தது. நீள நோட்டு, இருநூறு பக்கம். ஒவ்வொரு வரியிலும் தட்டின் எண், பாடியவர், எந்தப் பக்கம் என்பவை நீல மையில் இருக்க, ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய சொந்தக் குறிப்புகள்: "தவிலைக் கவனி", "முதல் தடவை பிடிக்காது", "ஹனிபா பாட்டு கேட்பவருக்கு இதைக் கொடு". இப்படி ஒரு குறிப்பை எந்த நூலகப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. நான் பார்த்த பல தட்டுகளின் லேபிளில் தவில்காரர் பெயரே இல்லாதிருக்க, அவர் விசாரித்து எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்காழி முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் பாடிய மண் இது. கோபாலகிருஷ்ண பாரதியார் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தார். மாயூரம் எனப்பட்ட மயிலாடுதுறையில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதினார். இவர்களைப் பற்றிய நூல்கள் நம் அலமாரிகளில் கிடைக்கும். அந்தப் பாடல்களைக் கேட்க வேண்டுமென்று ஒரு மாணவி நூலகத்துக்குள் வந்தால் அவளை எங்கே அனுப்புவது? கோயில் புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியைப் பற்றி அவள் படிக்கலாம். கேட்க வேண்டுமானால் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும். நீலகிரியின் கோத்தர் பழங்குடியினர் தெய்வச் சடங்குக்கு ஒருவகை மெட்டும் இறப்புச் சடங்குக்கு வேறுவகை மெட்டும் தங்கள் குழலில் ஊதுகிறார்கள் என்பதும், தெருக்கூத்தின் முகவீணை நாதஸ்வரத்தைவிடச் சிறியது என்பதும் எழுத்தில் வெறும் செய்திகள்தாம். காதில் விழும்போதுதான் அவை இசையாகின்றன.

இந்த அறை தமிழிசைக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது என்றும் விரும்புகிறேன். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் 1960களின் இறுதியிலும் எழுபதுகளிலும் அருமையான இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1974இல் ஆட்சி கவிழ்ந்து ஊரடங்கு வந்தபின் அந்நகரின் இரவு இசை அடங்கியது. வெளியுலகில் மிகச் சிலரே அறிந்திருந்த அந்தத் தட்டுகளை ஃபிரான்சிஸ் ஃபால்செத்தோ என்ற பிரெஞ்சுக்காரர் தேடித் திரட்டி, 1997 முதல் 'எத்தியோபிக்ஸ்' என்னும் வரிசையாக வெளியிட்டார். அந்நாட்டு இசைக்கலைஞர்களான முலாத்து அஸ்தாத்கேயும் மஹ்மூத் அஹ்மதும் உலகின் பல நாடுகளில் புதிய கேட்பாளர்களைப் பெற்றதில் அந்த வரிசைக்குப் பெரும் பங்குண்டு. அந்நாட்டின் திசிதா என்னும் பண்வகைகளில் ஒன்று, நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்களால் ஆனது. மோகனத்தில் பழகிய காது அதைக் கேட்டால் ஒரு கணம் தன் ஊரிலும் மறுகணம் வேற்றூரிலும் நிற்கும். எங்கள் கடைக்காரர் இருந்திருந்தால் மோகனப் பாட்டுக்குப் பின்னால் வரும் மிச்சத்தில் இதைத்தான் பதிந்திருப்பார்.

சட்டத் தடை இருக்குமோ என்ற தயக்கம் எழலாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே 78 தட்டுகளின் காலத்துப் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை தனியானது. அது அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை உண்டு என்பதால் அதைத் தட்டுக்குத் தட்டு பார்த்தாக வேண்டும். முத்துத்தாண்டவருக்கும் கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும் அந்தக் கேள்வியே எழாது. மேலும், இலாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்து வைக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. வீடுகளிலிருந்து தட்டுகளையும் கேசட்டுகளையும் நன்கொடையாகப் பெறும் நூலகம் அன்றே பாதுகாப்புப் பணியைத் தொடங்கிவிடலாம். உரிமைக் காலம் முடியாதவற்றைப் பிறர் கேட்கத் தருவதற்கு முன் உரியவரிடம் அனுமதி கேட்போம்.

காலம் அதிகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரக்கால் செய்த அந்த 78 தட்டு கீழே விழுந்தால் உடையும். அலமாரியில் கிடந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். கேசட் நாடா அப்படியன்று. நம் கடலோர ஈரக் காற்றில் அதில் பூசணம் பூக்கிறது, காந்தப் பூச்சு உதிர்கிறது, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கூத்துக் கலைஞர்களும் ஊர்ப் பாடகர்களும் கைப்பணம் போட்டுப் பதிந்து, திருவிழாக் கடைகளில் விற்ற கேசட்டுகள்தாம் இப்போது முதலில் அழிகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு வேறு படி இருக்க வாய்ப்பில்லை.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அதற்காக உழைத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்ததும் சீர்காழியில்தான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவர் வகுத்து 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. அந்த வாசகரைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பதை அவர் நூலகத்தின் கடமையாக வைத்தார். இசைத்தட்டுக்கும் அந்த விதி பொருந்தும் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கினாலும் போதும். பத்துப் பேர் அமரக்கூடிய அறை, காதில் மாட்டிக் கேட்கும் கருவிகள், பழைய தட்டையும் கேசட்டையும் ஓட்டிப் பதிந்துகொள்ளும் கருவிகள், மாதம் ஒரு மாலை எல்லோரும் கூடிக் கேட்கும் அமர்வு ஆகியவை தேவை. அமர்வில் யார் வேண்டுமானாலும் தமக்குப் பிடித்த, பிறர் கேட்டிராத ஒன்றைக் கொண்டுவரலாம். ஆனால் ஏன் கொண்டுவந்தார் என்று நான்கு வரி எழுதித் தர வேண்டும், அந்த வரிகள் பட்டியலில் ஏற வேண்டும். ஓய்வுபெற்ற இசையாசிரியரோ, கூத்துக் கலைஞரோ, வானொலியில் பணியாற்றியவரோ பொறுப்பேற்க முன்வருவார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு மதிப்பூதியம் வழங்க வேண்டும்.

என் பங்காக, என்னிடமுள்ள முந்நூறுக்கும் மேற்பட்ட கேசட்டுகளையும் அந்தப் பேரேட்டையும் எந்த நாளிலும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். பேரேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் "முகவீணை, பெயர் தெரியவில்லை, விசாரிக்கணும்" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தப் பதிவு என் கேசட் ஒன்றின் மிச்சத்தில் இன்னும் ஓடுகிறது. அறை திறந்ததும் முதல் அமர்வில் அதை ஒலிக்கவிட்டு, ஊதியவர் யாரென்று வந்திருப்போரிடம் கேட்க விரும்புகிறேன்.

பணிவன்புடன்,
மயிலாடுதுறை நூலக உறுப்பினர் ஒருவர்