நீல வண்டி

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பிரஷ்ஷைத் தொடாதே.

நான் இன்னும் ஆம்ஸ்டர்டாமில், மகள் வீட்டில்தான். ஓவியர் வான்கோவின் மியூசியத்துக்குப் போயிருந்தேன். அவருடைய ‘சூரியகாந்தி’ படத்துக்கு முன்னால் கூட்டம் நகரவே இல்லை. நான் போய் நின்றது ‘அறுவடை’ படத்துக்கு முன்னால். 1888 ஜூனில், தெற்கு பிரான்சின் ஆர்ல் ஊருக்கு வெளியே, லா க்ரோ சமவெளியைப் பார்த்து வரைந்தது. முதலில் வெறும் மஞ்சள்தான் தெரிகிறது. கொஞ்சம் நின்றால் ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஓரிடத்தில் அறுப்பு நடக்கிறது, வைக்கோல் போரில் ஏணி சாத்தியிருக்கிறது, தள்ளி ஒரு குதிரை வண்டி. பின்னால் மோன்மஜூர் மடத்தின் இடிபாடு, அதற்கும் பின்னால் மலை. நடுவயலில், பூட்டாமல் நிற்கிறது ஒரு நீல வண்டி.

வான்கோ என்றாலே சாமி வந்து ஆடியவர் என்பாயே, நீ இதைப் பார்க்க வேண்டும். இதே காட்சியைப் பெரிய தாளில் பேனாவாலும் நீர்வண்ணத்தாலும் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனுஷன் கித்தானுக்கு வந்திருக்கிறார். தள்ளி நின்று கட்டைவிரலால் அந்த வண்டியை மறைத்துப் பார்த்தேன். அவ்வளவு மஞ்சளும் பிடிப்பில்லாமல் சிதறுகிறது. விரலை எடுத்ததும் தூரத்து மலையின் நீலம் வயலுக்குள் இறங்கி எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஆவேசத்தில் விழுந்த நீலமா அது?

வேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு வாரம்போல வெயிலில் நின்று பத்து ஓவியம், ஐந்து கோட்டோவியம். பெருமழை வந்து அறுவடையையும் அவரையும் சேர்த்து நிறுத்தியது. மழைக்கு முன் கதிரை வீடு சேர்க்க ஓடுகிறவனை யாரும் பித்தன் என்பதில்லை. தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட விவகாரம் அந்த டிசம்பரில். அதை ஜூன் மாதப் படத்துக்குள்ளும் தேடுவது நம் கெட்ட பழக்கம். தம்பி தியோவுக்கு எழுதும்போது, தன் மற்ற படங்களையெல்லாம் இது அடித்துவிடும் என்கிறார். கணக்குப் பார்த்து வேலை செய்தவரின் பேச்சாகத்தான் எனக்குப் படுகிறது.

உனக்கு ஒரு அச்சுப் பிரதி வாங்கியிருக்கிறேன். வானத்தில் மெல்லிய பச்சை ஒன்று ஓடுகிறது, அச்சில் அது போய்விட்டது. ஆனாலும் நீ என்னோடு சண்டை போட இது போதும். மார்கழிக்குள் ஊருக்கு வருவேன். சாந்தாவை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு வேலை உத்தரவு வந்ததா? எழுது.

உன்,
வைத்தி