கசடுக்கும் கணக்குக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வெளியேறும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம். அம்பத்தூர் பக்கம் முலாம் பூசும் பட்டறைகளில் சுத்திகரிப்பு வேலை பார்த்தவன் நான். தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது, சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடுக்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

முலாம் பூசப் பயன்படும் உலோகங்களான குரோமியமும் நிக்கலும் மக்காது, எரித்தாலும் அழியாது. தண்ணீரிலிருந்து பிரித்தால் கசடாக வந்தே தீரும்.

குரோம் பட்டறையில் பொருளை அலசிய தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதிலிருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. அமிலம் விட்டு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 2, 3 வரை இறக்கி சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால், மூக்கைத் துளைக்கும் கந்தக நெடியோடு மஞ்சள் பச்சையாக மாறும். அப்புறம்தான் சுண்ணாம்பு. பிஎச் 8, 9 ஆனதும் குரோமியம் திரண்டு அடியில் படியும். அவசரத்தில் முதல் படியை விட்டுவிட்டு நேரே சுண்ணாம்பைக் கொட்டுகிறவர்களும் உண்டு. தண்ணீர் தெளிந்துவிடும், மஞ்சள் மட்டும் போகாது. நீர்நிலையில் விடும் தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கண்ணுக்கே மஞ்சள் தெரிந்தால் அந்த அளவைத் தாண்டி வெகுதூரம் போயாயிற்று.

நிக்கல் படிய பிஎச் 10 வரை ஏற வேண்டும். சயனைடு கலந்த தண்ணீரை அமிலத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டால் எதுவும் சரியாக நீங்காது.

சரி, ஒழுங்காகப் பிரித்தவர்கள் கசடை என்ன செய்கிறார்கள்? கும்மிடிப்பூண்டியில் இதற்கென்றே உள்ள, கழிவை வெளியே கசியாமல் புதைத்து வைக்கும் பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். சின்னப் பட்டறையில் சேருவதோ சில மூட்டை, அதற்காக லாரி வருவதில்லை. சுவரோரம் கிடக்கும் சாக்கு வெயிலில் இற்று, ஐப்பசி மழையில் கரைந்து மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. பாடுபட்டுப் பிரித்த விஷம் மறுபடி தண்ணீருக்கே போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

2016ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளியே போகும் அபாயகரமான கழிவு ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு உண்டு. குரோம் முலாம் பூச வாங்கிய குரோமிக் அமிலத்துக்கு பில் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கட்டும். வருடம் முழுக்க அமிலம் வாங்கி ஒரு மூட்டைக் கசடுகூட அனுப்பாத பட்டறையைக் கேள்வி கேட்கட்டும். கூடவே, தொழிற்பேட்டைக்கு ஒரு லாரி என்று ஏற்பாடு செய்து, மாதம் ஒருமுறை பட்டறை பட்டறையாக வந்து கசடை எடுக்கச் செய்ய வேண்டும். வாடகையை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் சின்ன முதலாளிகளுக்கும் கட்டுப்படியாகும். பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கொரட்டூர், சென்னை