ஒஸ்காரைப் பற்றிக் கேட்டாயே, மச்சான்

அன்புள்ள மச்சான்,

உன் குரல்பதிவு கிடைத்தது. "உங்கட ஒஸ்காரின்ர மனிசி கவிழ்ந்திட்டாவாமே" என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாய் பார், அதற்குப் பதில் எழுதாமல் எனக்கு நித்திரை வராது. இங்கே எல்லாரும் சுகம். கட்டையனுக்கு முழங்கால் ஒப்பரேசன் முடிந்துவிட்டது, பழையபடி கத்துகிறான்.

கவிழ்ந்தது உண்மைதான். 2025 பெப்ரவரி ஜேர்மன் தேர்தலில் ஒஸ்கார் லாஃபொன்டேனின் மனைவி சாரா வாகன்கினெக்டின் புதுக் கட்சிக்கு 4.98 வீதம். பாராளுமன்றத்துக்குள் போக 5 வேண்டும். நாடு முழுக்கச் சேர்த்தும் பத்தாயிரம் வாக்குக்கூடக் குறையவில்லை. சாரா விட்டுவிட்டு வந்த இடதுசாரிக் கட்சிக்கோ எல்லாரும் கருமாதி எழுதி வைத்திருக்க, 8.8 எடுத்து எழும்பி உட்கார்ந்துவிட்டது. என் மகன் அதற்குத்தான் போட்டான். நான் யாருக்குப் போட்டேன் என்று மனைவிக்கே சொல்லவில்லை, நீ கேட்காதே.

ஆனால் ஒஸ்காரைப் பகிடி பண்ணாதே. எங்கள் சார்லாந்து மாநிலத்தில் லாஃபொன்டேன் என்று யார் சொல்கிறார்கள்? பேக்கரிக்காரிக்கும் அவர் ஒஸ்கார்தான். 1976 இலிருந்து தலைநகர் சார்புறூக்கனின் மேயர், 1985 இலிருந்து மாநில முதல்வர். நாங்கள் லேபாக் அகதி முகாமில் இருந்த நாட்களில் தொலைக்காட்சியைப் போட்டால் அவர் முகம்தானே. 1990 ஏப்ரலில், நாட்டின் தலைமை அமைச்சரான சான்சலர் பதவிக்குப் போட்டியிட்ட நேரம், கொலோன் கூட்டத்தில் பூங்கொத்தோடு கையெழுத்துக் கேட்டு வந்த பெண் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சினாள். மயிரிழையில் தப்பினார். அந்த வருடக் கடைசியிலேயே அப்போதைய சான்சலர் கோலிடம் தோற்றார், ஆனாலும் அடங்கவில்லை. 1995 இல் மன்ஹைம் மாநாட்டில் ஒரு பேச்சு. அடுத்த நாள் 321க்கு 190 வாக்கு என்று இருந்த தலைவர் ஷார்பிங்கைத் தள்ளிவிட்டு சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர்! ஒரு பேச்சால் ஒரு கட்சியைக் கைப்பற்றிய மனிதனை நீ வேறு எங்கே பார்த்தாய்?

அங்கேதான் எனக்கும் கோபம். கைப்பற்றத் தெரிந்தவருக்கு வைத்திருக்கத் தெரியாது. 1998 இல் அதே கட்சி ஷ்ரோடரோடு சேர்ந்து வென்றார்; ஷ்ரோடர் சான்சலர், இவர் நிதி அமைச்சர். பணச் சந்தைக்குக் கடிவாளம் போட வேண்டும், வட்டி குறைய வேண்டும் என்றார். லண்டன் பத்திரிகை ஒன்று, ஐரோப்பாவிலேயே மிக ஆபத்தான மனிதர் இவர்தானா என்று முதல் பக்கத்தில் கேட்டது. 1999 மார்ச் 11, ஒரு கடிதத்தோடு அமைச்சர் பதவி, கட்சித் தலைமை எல்லாம் முடிந்தது. பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது. இவர் சின்ன மகனைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டு பல்கனியில் நின்றார், அந்தப் படம் உனக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி விட்டுவிட்டுப் போனதால்தானே ஷ்ரோடர் தடை இல்லாமல், வேலையற்றோருக்கான உதவியை வெட்டிய ஹார்ட்ஸ் சட்டங்களைக் கொண்டு வந்தார் என்று நான் இன்றும் சொல்வேன். பிறகு அதே சட்டங்களை எதிர்த்து 2005 இல் கட்சியை விட்டார். கிழக்கு ஜேர்மன் இடதுசாரித் தலைவர் கிசியோடு கைகோர்த்தார், 2007 இல் இடதுசாரிக் கட்சியின் இணைத் தலைவரானார். 2009 சார்லாந்துத் தேர்தலில் 21.3 வீதம்! மேற்கு ஜேர்மனியில் அப்படி ஒன்றைக் கனவிலும் யாரும் நினைக்கவில்லை. அப்புறம் புற்றுநோய், தலைமையை விட்டார். 2022 இல் மாநிலத் தேர்தலுக்குப் பத்து நாள் இருக்க அந்தக் கட்சியையும் விட்டார். கட்சிக்கு 2.6 வீதம். சொந்த மண்ணிலேயே, மச்சான்.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மகன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அகதிகள் வர வழி வைத்த, அரசியலமைப்பின் 16 ஆம் பிரிவை இறுக்க வேண்டும் என்று தன் கட்சிக்குள் முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒஸ்காரும் ஒருவர். நாங்கள் முகாமில் காகிதத்துக்குக் காத்திருந்த நேரம்! 2005 இல் கெம்னிட்ஸ் நகரில், குறைந்த கூலிக்கு வரும் அந்நியத் தொழிலாளர் இங்குள்ளவர்களின் வேலையைப் பிடிக்கிறார்கள், அரசு காப்பாற்ற வேண்டும் என்று பேசினார். "அந்நியத் தொழிலாளர்" என்பது நாசிக் காலத்துச் சொல். உணவகத்தில் கோப்பை கழுவிய உன்னையும் என்னையும் தவிர வேறு யாரைச் சொன்னார்? "அப்பா, உங்களுக்கு இந்த ஆளில் என்ன பிடிக்கும்?" என்கிறான். தகப்பன் போரில் செத்த, ஏழை வீட்டுப் பிள்ளை, கூலிக்காரனின் பக்கம் நின்றார் என்றேன். "எந்தக் கூலிக்காரன்?" என்றான். வாயடைத்துப் போனேன்.

உனக்கு ஏதும் பதில் தோன்றினால் எழுது. ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன், எடு. கண்ணாடியருக்கு மட்டும் இதைக் காட்டாதே, அவருக்கு இன்னும் ஷ்ரோடர்தான் தெய்வம்.

உன்,
பழைய அறைத்தோழன்